வெப்பம் வெளியேறும் வழி: ஸ்போர்ட்ஸ் காரின் குளிர்விப்பை வீட்டிலேயே மேம்படுத்துதல்

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரங்களைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சூடான புகையோடு சைலன்சர் வழியே போய்விட, மீதியில் பெரும்பகுதி சிலிண்டர் சுவர்களில் இறங்கி, அவற்றைச் சுற்றி ஓடும் நீரில் சேர்கிறது. முழு விசையில் 60 கிலோவாட் ஆற்றல் தரும் ஓர் எஞ்சின் 40 கிலோவாட் அளவுக்கேனும் வெப்பத்தை இந்த நீரில் இறக்கிவைக்கிறது என்று கொண்டால், அது 2 கிலோவாட் கீசர்கள் இருபதை ஒரே நேரத்தில் ஓடவிடுவதற்குச் சமம். அந்த வெப்பம் முழுவதையும், அது பிறக்கும் வேகத்திலேயே வெளிக்காற்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகப் பம்ப், குழாய்கள், வால்வு, ரேடியேட்டர், விசிறி ஆகியவை ஒன்றாக இணைந்த தொகுதியே குளிர்விப்பு அமைப்பு எனப்படுகிறது.

இந்த அமைப்பை மேம்படுத்துவது என்றவுடன் பெரிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கி மாட்டுவதே பலருக்கும் முதலில் தோன்றுகிறது. ஆனால் வெப்பம் உலோகத்திலிருந்து நீருக்கும், நீரிலிருந்து ரேடியேட்டர் தகடுகளுக்கும், தகடுகளிலிருந்து காற்றுக்கும் படிப்படியாகக் கைமாறுவதால், இந்த வழியில் மிகக் குறுகலான இடம் எதுவோ அதுவே முழு அமைப்பின் திறனையும் முடிவு செய்கிறது. கிணற்றுப் பாசனத்தில் பழகிய கொங்கு நாட்டு வாசகருக்கு இது புதிய செய்தி அன்று. 5 குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஏழரை மாட்டினாலும், கிணற்றுக்குள் கிடக்கும் ஃபுட் வால்வு அடைத்திருந்தால் வாய்க்காலுக்கு வரும் தண்ணீர் கூடப்போவதில்லை.

கோவையும் பந்தயக் காரும்

1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டியதற்குப் பின் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்ற கோயம்புத்தூர், வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் அடுத்தடுத்து அமைந்த ஊர் என்பதால், காரைப் பிரித்து மாற்றிக் கட்டும் துணிவும் இங்கு இயல்பாகவே வளர்ந்தது. அந்தத் துணிவின் சிறந்த சான்று எஸ். கரிவர்தன். இவர் 1980களின் பிற்பகுதியில், 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட மாருதி 800 எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்து, ‘ஃபார்முலா மாருதி’ என்னும் குறைந்த செலவுப் பந்தய வண்டியை உருவாக்கினார். பின்னாளில் 2005இல் ஜோர்டான் அணியின் சார்பில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தொடக்கத்தில் பயின்ற வண்டிகளுள் அதுவும் ஒன்று. கரிவர்தன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 முதல் இயங்கும் பந்தயத்தடம் அவர் நினைவாகவே ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று பெயர்பெற்றிருக்கிறது.

குடும்பக் காருக்காக வடிவமைக்கப்பட்ட எஞ்சினைப் பந்தயத்துக்குக் கொண்டுபோகும்போது எழும் முதன்மையான சிக்கல்களில் ஒன்று குளிர்விப்பு. ஊருக்குள் ஓடும் காரில் ஆக்சிலரேட்டர் முழுவதுமாக மிதிபடுவது சில விநாடிகளுக்கு மட்டுமே. மற்ற நேரமெல்லாம் அதன் எஞ்சின் தன் திறனில் ஒரு சிறு பகுதியையே செலவிடுகிறது. பந்தயத்தடத்திலோ அதே எஞ்சின் சுற்றுக்குச் சுற்று முழு விசையில் ஓடுவதால், எஞ்சினில் எதையும் மாற்றாதபோதே, வெளியேற்றவேண்டிய வெப்பம் பல மடங்காகிவிடுகிறது. ஒருவருடைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எவ்வளவு குளிர்விப்பு வேண்டும் என்பதைக் காரின் பெயரைக் காட்டிலும் அது ஓட்டப்படும் விதமே முடிவு செய்கிறது.

எங்கே சூடாகிறது என்பதே முதல் கேள்வி

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், வெப்பமானியின் முள் எந்தச் சூழலில் ஏறுகிறது என்பதைக் கவனித்து எழுதிவைக்கவேண்டும். கோவையின் காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி வேகமெடுத்ததும் இறங்கினால், குறை விசிறியிலோ அதன் மின்னிணைப்பிலோ, விசிறியைச் சூழ்ந்த உறையிலோ இருக்கக்கூடும். ஏனெனில் மணிக்கு 50, 60 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டியின் ஓட்டமே போதிய காற்றைத் தந்துவிடுவதால், விசிறியின் தேவை நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும்தான். மாறாக, சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாக ஓடும்போது ஏறினால், நீரோட்டம் குறைந்திருக்கிறது, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது அதன் அளவே போதவில்லை என்று பொருள்.

மலைப்பாதை இவ்விரண்டையும் ஒருசேரச் சோதிக்கிறது. மேட்டுப்பாளையத்தைக் கடந்து கல்லாறிலிருந்து குன்னூர் நோக்கி ஏறும்போதும், ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் வால்பாறைக்கு ஏறும்போதும் எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. ஆனால் வண்டியின் வேகம் குறைவாக இருப்பதால் காற்று போதுமான அளவில் கிடைப்பதில்லை. காற்றின் வெப்பநிலையும் கணக்கில் சேரும். ரேடியேட்டர் கைவிடும் வெப்பம், நீருக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்ப அமைவதால், 90 டிகிரி செல்சியஸ் நீர் 25 டிகிரிக் காற்றைச் சந்திக்கும் மார்கழிக் காலையில் 65 டிகிரியாக இருக்கும் வேறுபாடு, 38 டிகிரி காயும் சித்திரை நண்பகலில் 52ஆகச் சுருங்கி, ரேடியேட்டரின் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சர் அந்தக் காற்றை மேலும் சூடாக்கியே அனுப்புகிறது.

நீரின் வழி

காரின் வாட்டர் பம்ப், கோவையில் வார்க்கப்படும் பாசனப் பம்பைப் போலவே சுழலும் இறக்கைகளால் நீரை வெளிப்புறமாகத் தள்ளும் மையவிலக்குப் பம்ப்தான். பெரும்பாலான கார்களில் அதை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுழற்றுவதால், எஞ்சினின் சுழற்சி கூடக்கூட நீரோட்டமும் கூடுகிறது. ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஓட்டும்போது சூடு சற்று அடங்குவதற்கு இது ஒரு காரணம். ‘தண்ணீர் மெதுவாக ஓடினால்தான் ரேடியேட்டரில் நன்றாகக் குளிரும்’ என்று பட்டறைகளில் சொல்லப்படும் கருத்து சரியன்று. விநாடிக்கு ஒன்றரை லிட்டர் நீர் 40 கிலோவாட் வெப்பத்தைச் சுமந்து செல்லும்போது, ரேடியேட்டருக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் இடையே ஆறேழு டிகிரி வேறுபாடுதான் இருக்கும். ஓட்டம் பாதியானால் அந்த வேறுபாடு இரு மடங்காகும், ஆனால் எஞ்சினின் சூடான முனையில் வெப்பநிலை இன்னும் உயர்ந்துவிடும்.

எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வாயிலில் அமர்ந்திருக்கும் தெர்மோஸ்டாட், மெழுகு உருகி விரிவதால் திறக்கும் ஒரு வால்வு. எஞ்சின் விரைவில் சூடேறுவதற்காக நீரை உள்ளேயே சுற்றவைத்து, அதன் வகைக்கேற்ப 82 அல்லது 88 டிகிரி போன்ற குறித்த வெப்பநிலையில் அது வழிவிடத் தொடங்குகிறது. கோடை வந்தால் இதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் குளிர்ந்தே கிடந்து, எரிபொருள் வீணாகி, எண்ணெயில் ஈரமும் கசடும் சேர்வதோடு, வால்வின் மறுமுனையே அந்த உட்சுற்று வழியை மூடவேண்டிய எஞ்சின்களில் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே திரும்பிவிடும். தெர்மோஸ்டாட்டை வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். வால்வின் உதட்டிடையே ஒரு நைலான் நூலைச் செருகி, அந்த நூலைப் பிடித்தே தெர்மோஸ்டாட்டை ஓர் ஏனத்து நீருக்குள், அடித்தளத்தைத் தொடாதபடி தொங்கவிட்டு, அருகில் வெப்பமானியை வைத்துச் சூடாக்கினால், வால்வு திறக்கும் கணத்தில் நூல் நழுவித் தெர்மோஸ்டாட் கீழே விழும். அப்போதைய வெப்பநிலை அதன் உடலில் பொறித்த எண்ணோடு ஒத்திருக்கவேண்டும்.

ரேடியேட்டர் மூடி, நீரைக் கொட்டாமல் காப்பதோடு அழுத்தத்தையும் காக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோவையில் திறந்த பாத்திரத்து நீர் 98 டிகிரியைத் தாண்டியதும் கொதிக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்து உதகையில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால் இந்தக் கொதிநிலைகள் முறையே 118, 115 டிகிரியின் அருகே உயர்கின்றன. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்த மூடியோ இந்தப் பாதுகாப்பு முழுவதையும் கைவிட்டுவிடுகிறது. மேலும், பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து நீர் குமிழிகளாக உடைந்து, இறக்கைகளை அரிக்கும் கேவிட்டேஷன் என்னும் தீங்கையும் இந்த அழுத்தமே தடுக்கிறது. ஆகவே மேம்பாட்டில் மிக மலிவானதும் முதலில் செய்யவேண்டியதும், தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே ஒரு புதிய மூடி.

நீரின் தன்மை இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. கொங்குப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் கிடைக்கும் உப்புத் தண்ணீர், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவதைப் போலவே, எஞ்சினின் நீர்ப்பாதைகளிலும் சுண்ணப் படிவை உண்டாக்குகிறது. இந்தப் படிவு வார்ப்பிரும்பைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுப்பதால், ஒரு மில்லிமீட்டர் படிவுகூடச் சிலிண்டர் சுவரின் தடிமனைப் பல மடங்கு கூட்டியதற்கு ஒப்பாகும். சுவைக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீர் மென்மையானதுதான். ஆயினும் குழாயில் வரும் எந்த நீரிலும் கரைந்த உப்புகளும் குளோரினும் இருப்பதால், டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்டைத் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் கலப்பதே முறை. கூலன்டின் முதன்மைப் பொருளான எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்தி, உறைநிலையைத் தாழ்த்துகிறது. ஆனால் அது நீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமப்பதால், அளவுக்கு மீறிச் சேர்ப்பது குளிர்விப்பைக் கூட்டாமல் குறைக்கும். துரு தடுக்கும் வேதிப்பொருள்கள் வகைக்கு வகை வேறுபடும் என்பதாலும், நிறம் தரக்குறி அன்று என்பதாலும், பச்சையோடு சிவப்பைக் கலந்து ஊற்றுவதும் தவிர்க்கப்படவேண்டும்.

காற்றின் வழி

1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் காருக்காக வில்ஹெல்ம் மேபாக் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. காற்று தொடும் பரப்பைப் பெருக்குவதே குளிர்விப்பின் சூத்திரம் என்பதை அது உலகுக்கு உணர்த்தியது. இன்றைய ரேடியேட்டரிலும் தட்டையான குழாய்களுக்கிடையே நெளிநெளியாக நிற்கும் மெல்லிய தகடுகள் அதே பணியைச் செய்கின்றன. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார்த் தூளும், நெடுஞ்சாலைப் பூச்சிகளும், நூற்பாலைப் பகுதிகளின் பஞ்சும் இந்த நெளிவுகளில், குறிப்பாகக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இடுக்கில், கம்பளம்போலப் படிந்துவிடுகின்றன. எஞ்சின் ஆறியபின், உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சினால் அவை வந்த வழியே திரும்பிவிடும்; வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடிந்து வழியே அடைபடும்.

காற்று எப்போதும் எளிய வழியையே தேடும். ரேடியேட்டருக்கும் அதைச் சுற்றிய சட்டத்துக்கும் இடையே இரண்டு விரல் அகல இடைவெளி இருந்தால், பம்பரின் வாய் வழியே வந்த காற்று தகடுகளுக்குள் நுழையாமல் அந்த இடைவெளியில் வழிந்துவிடுகிறது. நெருக்கமான ஃபோம் பட்டைகளாலும், அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்தபின் அலுமினியத் தகட்டில் வளைத்தெடுத்த மடைகளாலும் இந்த இடைவெளிகளை அடைப்பதே, வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியக்கூடியதும் செலவுக்கு மிகுந்த பயன் தருவதுமான மேம்பாடு. விசிறியைச் சூழ்ந்த உறையும் இதே கொள்கையைச் சார்ந்தது: உறையற்ற விசிறி தன் வட்டத்துக்கு நேரான தகடுகளை மட்டும் குளிர்விக்க, உறையோடு கூடியது ரேடியேட்டரின் முழுப் பரப்பின் வழியாகவும் காற்றை இழுக்கிறது. திறன்மிக்க விசிறியைப் பொருத்துவோர், அது இழுக்கும் மின்னோட்டத்துக்கேற்ற தடிமனான கம்பி, ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றையும் சேர்த்தே பொருத்தவேண்டும். பழைய மெல்லிய கம்பியிலேயே இணைத்தால், சூடேறுவது எஞ்சினாக இல்லாமல் மின்கம்பியாகிவிடும்.

நுழைந்த காற்று வெளியேறவும் இடம் வேண்டும். பானட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்து உயர்த்திவிடும் வழக்கம் நிற்கும் வண்டிக்கு ஓரளவு உதவலாம். ஆனால் கண்ணாடியின் அடிப்பகுதியில், ஓடும் வேகத்தில் காற்றழுத்தம் மிகுவதால், வெப்பம் வெளியேறுவதற்கு மாறாக வெளிக்காற்று உள்ளே தள்ளப்படுவதும் உண்டு. வண்டியின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டுகளைச் சேற்றுக்குப் பயந்தோ வேலை எளிதாகவோ கழற்றிவிடுவது, எஞ்சின் அறையின் அழுத்தத்தைக் கூட்டி, ரேடியேட்டர் வழியான ஓட்டத்தையே குறைத்துவிடக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் வேகத்தில் முள் ஏறினால்தான் பெரிய ரேடியேட்டருக்கு முறை வருகிறது. செம்பு வெப்பத்தை அலுமினியத்தைவிட நன்றாகக் கடத்துவது உண்மையே. எனினும் அலுமினியம் எடை குறைந்தது, அகலமான குழாய்களுக்கு இடந்தருவது, ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறையில் பழுது பார்க்கத்தக்கது என்பதால் ஸ்போர்ட்ஸ் கார்களில் அதுவே நிலைபெற்றது. தடிமனைக் கூட்டுவதைவிட முகப்பரப்பைக் கூட்டுவது நல்லது. ஏனெனில் முன்வரிசைக் குழாய்கள் சூடாக்கிய காற்றுதான் பின்வரிசைக்குக் கிடைப்பதால், தடிமன் இரட்டித்தாலும் பயன் இரட்டிப்பதில்லை என்பதோடு, விசிறி மீறவேண்டிய தடையும் கூடிவிடுகிறது. தடத்தில் ஓட்டுவோர் எண்ணெயின் வெப்பத்தையும் கவனிக்கவேண்டும். நீரின் முள் அசையாமல் நிற்கும்போதே எண்ணெய் 130 டிகிரியைத் தாண்டுவதுண்டு என்பதால், தனி வெப்பமானியும், குளிர்ந்த நேரத்தில் வழியை மூடும் தெர்மோஸ்டாட்டோடு கூடிய ஆயில் கூலரும் அவர்களுக்குத் தேவைப்படலாம்.

காற்று வாங்கிய பம்ப்

வேலை முடிந்து கூலன்டை நிரப்பும் கட்டத்தில்தான் வீட்டில் செய்வோர் மிகுதியாகத் தவறுகிறார்கள். காற்று வாங்கிய பாசனப் பம்ப் எவ்வளவு சுழன்றாலும் நீரை ஏற்றாது என்பதும், கூம்பு வழியே நீரூற்றிக் காற்றை விரட்டியபின்தான் அது இறைக்கும் என்பதும் எல்லாத் தோட்டங்களிலும் அறிந்த செய்தி. காரின் அமைப்பிலும் உயரமான இடங்களில் தங்கிய காற்றுக்குமிழி நீரோட்டத்தை முறித்து, வெப்பமானி நீரில் நனையாமல் நிற்கும்போது பொய்யான அளவைக் காட்டி, சிலிண்டர் ஹெட்டில் ஓரிடத்தை மட்டும் கொதிக்கவைக்கிறது. எஞ்சின் இருக்கைக்குப் பின்னாலும் ரேடியேட்டர் மூக்குப் பகுதியிலும் அமைந்த டொயோட்டா எம்ஆர்2 போன்ற கார்களில் நீர்க்குழாய்கள் வண்டியின் நீளம் முழுவதும் அடியில் ஓடுவதால் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். வண்டியின் முன்புறத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரைத் திறந்துவைத்து, காற்று வெளியேறும் திருகுகளைத் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததாக ஒவ்வொன்றாகத் தளர்த்தி, குமிழியற்ற நீர் வரும்வரை மெல்ல ஊற்றுவது பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும். ஆயினும் அந்தந்தக் காரின் கைநூல் சொல்லும் வரிசையே இறுதியானது.

பாதுகாப்பில் சலுகை கிடையாது. சூடான மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த 100 டிகிரிக்கு மேற்பட்ட நீர் அந்தக் கணமே ஆவியாகி முகத்தில் பாயும். சாவியை எடுத்தபின்பும் சில கார்களில் விசிறி தானாகச் சுழலும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கக்கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நாடிவந்து குடிக்கும். அது உயிரைப் பறிக்கும் நஞ்சு என்பதால், வடித்த கூலன்டைச் சாக்கடையிலோ தென்னையடியிலோ கொட்டாமல், மூடிய கேனில் சேர்த்துக் கழிவெண்ணெய் வாங்கும் பட்டறையில் ஒப்படைப்பது பொறுப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடைசெய்வதால், சேஸியை அறுப்பது, எஞ்சினை மாற்றுவது போன்ற எல்லைகளைத் தொடாமல், வாரண்டியும் காப்பீடும் என்னவாகும் என்பதை முன்னரே கேட்டறிவது நல்லது.

கல்லாறு முதல் குன்னூர் வரை

எந்த மேம்பாடும் அளந்து பார்க்கப்படும்வரை ஊகமே. ஒரே நாளில் மூடி, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், விசிறி நான்கையும் மாற்றிவிட்டால், பலன் எதனால் வந்தது என்பதோ, எது வீண்செலவு என்பதோ தெரியாமலே போய்விடும். வண்டியின் பழுதறியும் ஓபிடி இணைப்பில் மாட்டும் சிறு கருவி நீரின் வெப்பநிலையை எண்ணாகவே கைப்பேசியில் காட்டுகிறது; முகப்பில் உள்ள முள்ளோ, பல கார்களில் 80 முதல் 105 டிகிரி வரை நடுவிலேயே நிற்குமாறு தயாரிப்பாளர்களாலேயே அமைக்கப்பட்டிருப்பதால், இந்தச் சோதனைக்கு உதவாது. கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான ஏற்றத்தை, நாளின் ஒரே வேளையில், ஒரே எடையோடு, ஏசியைப் போட்டபடி ஏறி, மிக உயர்ந்த வெப்பநிலையையும் அன்றைய காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, ஒரு பொருளை மட்டும் மாற்றியபின் மறுபடி அதே ஏற்றத்தில் அதே வேகத்தில் ஏறிப் பார்ப்பதே நம்பத்தகுந்த சோதனை. இரண்டாவது பயணத்தில் நீரின் வெப்பநிலை 108லிருந்து 99க்கு இறங்கியிருந்து, அதற்குக் காரணம் சில ஃபோம் பட்டைகள்தான் என்று குறிப்பேடு காட்டுமானால், கடையில் விலை கேட்டுவைத்த ரேடியேட்டர் அங்கேயே இருக்கலாம்.